பொய்க்கால் குதிரை கட்டிக்கொண்டு 12 கிலோமீட்டர் ஓடுவது எப்படி?

முதல் வருடம் எட்டாவது கிலோமீட்டரில் என் குதிரை தலையைக் கவிழ்த்துவிட்டது. கோல்டன் கேட் பூங்காவின் புல்வெளி ஓரம் என்பதால், மேய்கிறது என்று நினைத்து நாலு பேர் கைதட்டினார்கள். உள்ளே என் இரண்டு தொடையும் சிவந்து கன்றிப்போயிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாம் வருடம் குதிரை நிமிர்ந்து நின்றது, ஆனால் ஓடி முடித்த நேரம் பதிவாகவில்லை. மூன்றாம் வருடம்தான் எல்லாம் சரியாக அமைந்தது. நீங்கள் அந்த இரண்டு வருடத்தை வீணடிக்க வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு.

ஓட்டத்தின் பெயர் பே டு பிரேக்கர்ஸ். சான் ஃபிரான்சிஸ்கோவில் மே மாதம் மூன்றாவது ஞாயிறு நடக்கும். வளைகுடாப் பக்கம் தொடங்கி ஊரைக் குறுக்கே வெட்டிப் பசிபிக் கரையில் முடியும். எப்படிப் பதிவு செய்வது, என்ன ஷூ வாங்குவது என்பதெல்லாம் இங்கே கிடையாது. 5 கிலோமீட்டராவது நிற்காமல் ஓடத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், வேஷம் கட்டத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் இந்த ஓட்டத்தில் சாதாரண டிரவுசர் பனியனோடு போனால், கல்யாண வீட்டுக்கு லுங்கியோடு போனமாதிரி நாமே கூச்சப்படுவோம். 1912 ஜனவரி 1 அன்று முதல் ஓட்டம் நடந்தது. 1906 நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊருக்குத் தெம்பு கொடுக்கவும், 1915-இல் வரவிருந்த உலகப் பொருட்காட்சிக்கு முன்னோட்டமாகவும் ஆரம்பித்தார்கள். வேஷம் நுழைந்தது 1940-இல். ஒருவர் கேப்டன் கிட் என்ற கடல் கொள்ளையனாக வேஷம் போட்டு ஓடிக் கடைசி ஆளாக வந்தார். அதே வருடம் பாபி பர்க் என்ற பெண் ஆண் வேஷத்தில் ஓடினார். அன்றைக்குப் பெண்களுக்கு அனுமதி இல்லை. ஒருவர் கட்டியது வேடிக்கைக்கு, இன்னொருவர் கட்டியது ஓட விடமாட்டார்கள் என்பதற்காக. வேஷம் வெறும் கோமாளித்தனம் என்று சொல்கிறவர்களிடம் நான் இரண்டாவது கதையைத்தான் சொல்வேன்.

என் கட்சி இதுதான்: சொந்த நேரத்தை முறியடிக்க ஓடுகிறீர்கள் என்றால் வேஷம் வேண்டாம். சென்னை மாதிரி விடிகாலையிலேயே புழுங்கும் ஊரில் ஓடுகிறீர்கள் என்றாலும் தலைப்பாகை, கனமான துணி எதுவும் வேண்டாம். வியர்வை ஆறாமல் உடம்பு கொதித்துப்போகும். சான் ஃபிரான்சிஸ்கோவில் மே மாதக் காலையில் பனிமூட்டமும் குளிர்காற்றும்தான். அங்கே தலைப்பாகை சுகம்.

இன்னொன்று: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விதி வேறு. டிஸ்னி நடத்தும் ஓட்டங்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் முகமூடி போடக்கூடாது, தரையில் இழுபடும் உடையும் கூடாது. பிரான்சின் மெடோக் மாரத்தானில் வருடத்துக்கு ஒரு கருப்பொருள் சொல்லிவிடுவார்கள், கிட்டத்தட்ட எல்லோருமே வேஷத்தில் வருவார்கள். பே டு பிரேக்கர்ஸில் சக்கரம் வைத்த தேர் மாதிரி எதையும் உருட்டிக்கொண்டு வரக்கூடாது. அந்தந்த வருட விதியை வாசித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள்.

படி 1: வளையம்

நான் கும்பகோணம் பக்கம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ராஜாவும் ராணியும் குதிரை கட்டி ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் வேறு யோசனையே வரவில்லை. உண்மையான ஆட்டக்காரர்கள் மரக்கட்டைக் கால் கட்டி ஆடுவார்கள். நான் அதை விட்டுவிட்டேன். ("பொய்க்கால் இல்லாமல் என்ன பொய்க்கால் குதிரை?" என்று ஒரு தஞ்சாவூர்க்காரர் பின்னூட்டத்தில் கோபித்துக்கொண்டார். நியாயம்தான். பாதையில் வரும் ஹேய்ஸ் தெரு மேட்டில் கட்டைக்காலோடு ஏறிக் காட்டுங்கள், தலைப்பை மாற்றிவிடுகிறேன்.)

முதல் குதிரைக்குக் கெட்டியான பிவிசி குழாயும் ஒட்டுப்பலகையும் வைத்தேன். மூன்றேகால் கிலோ வந்தது. ஆட்டத்துக்கு அது சரி, ஓட்டத்துக்கு ஆகாது. இப்போது நான் பயன்படுத்துவது பெக்ஸ் குழாய், வீட்டுத் தண்ணீர் இணைப்புக்குச் சுருளாக விற்பார்களே, அதில் அரை அங்குலம். சுருளாகவே வருவதால் தானாக வளைந்து நிற்கும், சூடு காட்ட வேண்டியதில்லை. ஏழு அடி வெட்டி, இரண்டு முனையையும் ஒரு மரக்குச்சியில் செருகிச் சேர்த்து, மேலே டேப் சுற்றுங்கள். இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் முட்டை வடிவ வளையம் கிடைக்கும். அதன்மேல் பூல் நூடுல் என்ற ஃபோம் குழலை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் மேல் இடித்தாலும் வலிக்காது.

முக்கியமான அளவு ஒன்று. உங்கள் வயிற்றுக்கும் வளையத்தின் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சாணுக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். சமதரையில் அரைச் சாண் போதும் என்றுதான் தோன்றும். மேடு ஏறும்போது முழங்கால் எவ்வளவு உயரும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

படி 2: தலை, கழுத்து, வால்

ஈவா ஃபோம் பாய் வாங்குங்கள். குழந்தைகள் விளையாடும் அறையில் தரைக்குப் போடும் அதே பொருள். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம், முதல் இடியிலேயே உதிரும். ஒட்டுவதற்கு ஹாட் க்ளூவையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன், என் குதிரையின் ஒரு காது அதில்தான் போனது. கான்டாக்ட் சிமென்ட் வாங்கி இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் பிசுபிசுத்தாலும் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இதைச் சொல்லாமல் விட்டேன் என்று வீட்டம்மா இந்தப் பதிவையே படிக்க மறுத்துவிட்டார்.

தலையும் கழுத்தும் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும், நல்ல அகலமான வெல்க்ரோ போதும். ரயிலில் குதிரைத் தலையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமை பார்ட் (இங்கத்திய உள்ளூர் ரயில்) வழக்கமாக எட்டு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். நம் ஓட்டமும் காலை எட்டு மணிக்கு. அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பும் சிறப்பு ரயில் உண்டா என்று முந்தின வாரமே பார்த்து வையுங்கள்.

படி 3: தோள்பட்டை (இங்கேதான் நான் விழுந்தேன்)

திருவிழாக் குதிரை இரண்டு பட்டையில் தோளிலிருந்து தொங்கும். நானும் முன்னிருந்து பின்னுக்குத் தோள்மேல் போகும்படி இரண்டு பட்டை கட்டினேன். வீட்டுக்கூடத்தில் கண்ணாடி முன் நின்றபோது ராஜகம்பீரம்.

ஓடத் தொடங்கியதும் பட்டை தோளில் வழுக்கியது. குதிரையின் தலை முன்னால் கனம், வால் பின்னால் இலேசு. பட்டை ஒரு அங்குலம் முன்னுக்கு வழுக்கினால் தலை ஒரு அங்குலம் தாழும், வால் ஒரு அங்குலம் ஏறும். சாய்ந்த வளையம் ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில் இடித்தது. இதைப் பயிற்சியிலேயே பார்த்துவிட்டு நான் செய்த மேதாவித்தனம் என்ன தெரியுமா? வாலுக்கு அடியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டினேன். தராசு சரியாக நின்றது. ஓட்டத்தன்று தாகம் எடுத்தது. குடித்தேன். குடிக்கக் குடிக்கக் குதிரை குனிந்தது. மேலே சொன்ன மேய்ச்சல் காட்சி அதுதான்.

எடையைச் சேர்த்துக்கொண்டே போவது தீர்வில்லை. பட்டையை வழுக்க விடாமல் செய்வதுதான் வழி:

உடம்போடு ஒட்டிய பழைய ஓட்ட வெஸ்ட் ஒன்றை எடுங்கள். பட்டைகள் முதுகில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகட்டும். அந்தக் குறுக்குச் சந்தியையும், இரண்டு தோளிலும் பட்டை உட்காரும் இடத்தையும் வெஸ்டோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். ஊசி நூல் போதும், ஆனால் நாலு தடவை ஓட்டுங்கள். இப்போது முன்பட்டை முன்பட்டையாகவே இருக்கும், பின்பட்டைக்கு நழுவ வழியில்லை. முன்பட்டையை இழுத்து, குதிரையின் மூக்கு சற்றே வானம் பார்க்கும்படி கட்டுங்கள். துணி இளகிய பிறகு அது சமமாகிவிடும்.

அடுத்து இடுப்பு. தோளில் மட்டும் தொங்கினால் குதிரை துள்ளும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்று கட்டி, அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் வளையத்துக்கு எலாஸ்டிக் நாடா இழுத்துக் கட்டுங்கள். கயிறு போடாதீர்கள், ஒவ்வொரு எட்டும் இடுப்பை வெட்டி இழுக்கும்.

இப்படிச் செய்ததில் என் குதிரை ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே வந்தது. லண்டன் மாரத்தானில் சுமார் பத்துக் கிலோ காண்டாமிருக வேஷத்தில் 42 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

படி 4: பாவாடை

வளையத்தைச் சுற்றித் தொங்கும் அலங்காரத் துணி முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும். இந்தப் பாதை கிழக்கிலிருந்து மேற்கே, கடலைப் பார்த்துப் போகிறது. காற்று பெரும்பாலும் எதிர்க்காற்று. கெட்டித்துணி போட்டால் பாய்மரம் கட்டினமாதிரி பின்னுக்குத் தள்ளும். அம்மாவின் பழைய ஷிபான் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கினேன், காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடுகிறது. பட்டு கேட்டிருந்தால் அடிதான் கிடைத்திருக்கும்.

படி 5: நம்பர் அட்டை

குதிரைக் கழுத்து உங்கள் மார்பை மறைக்கும். ஆகவே நம்பர் அட்டையைக் குதிரையின் மார்பில் குத்த வேண்டும். இரண்டாம் வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் குதிரை மார்பு முழுக்கத் தங்க ஜிகினாத் தாள் ஒட்டியிருந்தேன். நேரக் கணக்குக்கான சில்லு அட்டையின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பளபளக்கும் உலோகத்தாளின் மேல் அது ஒட்டி உட்கார்ந்தால், கோட்டில் தரையில் போட்டிருக்கும் விரிப்பிலிருந்து வரும் ரேடியோ அலையை வாங்கிப் பதில் அனுப்ப முடியாது. தொடக்கக் கோடு, முடிவுக் கோடு எதிலும் நான் ஓடியதாகவே பதிவில்லை. 12 கிலோமீட்டர் ஓடியது குதிரையின் மனசாட்சிக்குத்தான் தெரியும்.

அட்டைக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஜிகினா இல்லாமல் விடுங்கள், இடையில் விரல் தடிமன் ஃபோம் துண்டு வையுங்கள். அட்டையை மடிக்காதீர்கள். மூன்றாம் வருடம் பதிவாகிவிட்டது.

படி 6: ஒத்திகை

வேஷத்தோடு குறைந்தது இரண்டு தடவை ஓடுங்கள், ஒன்று மேட்டில். ஃப்ரீமான்ட்டில் எங்கள் தெருவில் நான் ஓடியபோது நாய்கள் எல்லாம் குரைத்தன. பக்கத்து வீட்டுக் குஜராத்தித் தாத்தா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்.

பட்டை உரசும் இடத்தில், அக்குளில், தொடையில் வாஸ்லின் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் போதும் என்று அம்மா சொன்னதைக் கேட்டேன். அரை மணி நேரத்தில் தோல் குடித்துவிட்டது.

ஓட்டத்தன்று

வேகக்காரர்களின் தொகுதியில் குதிரையோடு போய் நிற்காதீர்கள். பின்னால் நில்லுங்கள், அங்கேதான் கொண்டாட்டமும். தொடங்குமுன் கூட்டத்தில் டார்ட்டியா ரொட்டிகள் பறக்கும், அது இங்கத்திய வழக்கம். தரையில் கிடப்பதில் கால் வைத்தால் வழுக்கும்.

ஹேய்ஸ் தெரு மேட்டின் செங்குத்தான பகுதி சுமார் 11 சதவீதச் சரிவு. கூச்சப்படாமல் நடந்து ஏறுங்கள். குதிரையும் ஏற்றத்தில் நடக்கத்தான் செய்யும். பதின்மூன்று பேர் ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஓடும் பூரான் அணி பின்னால் வந்தால் ஓரம் ஒதுங்குங்கள், அவர்களால் சட்டென்று திரும்ப முடியாது. எதிர்த்திசையில் சால்மன் மீன் வேஷக் கூட்டமும் வரும், முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்துப் போகிறதாம். பூங்காவுக்குள் காட்டெருமைப் பட்டியைத் தாண்டினால் கடல்வாசம் வந்துவிடும். மிச்சம் பெரும்பாலும் இறக்கம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: சிலர் ஒன்றுமே உடுத்தாமல் ஓடுவார்கள். எங்கள் அப்பா மீதி நேரம் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

"நடமாடும் கழிப்பறைக்குள் எப்படிப் போவீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டார். நல்ல கேள்வி, போக முடியாது. இடுப்பு பெல்ட்டில் பிளாஸ்டிக் பக்கிள் போட்டு, வெஸ்டுக்கு முன்பக்கம் ஜிப் வையுங்கள், அரை நிமிடத்தில் மொத்தக் குதிரையும் கழன்றுவிடும். வெளியே பிடித்துக்கொள்ள ஒரு நண்பர் வேண்டும். தனியாக நிறுத்திவிட்டுப் போனேன் என்றால் திரும்பும்போது அதன்மேல் யாரோ ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மடிசார் கட்டி ஓடலாமா என்று இன்னொருவர் கேட்டார். நான் கட்டியதில்லை. பஞ்சகச்சம் கட்டி 5 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். கச்சத்தைச் செருகுவதோடு விட்டுவிடாமல் உள்ளே டிரவுசரோடு சேர்த்து மூன்று ஊக்கு குத்தினால் அவிழாது, இரண்டு குத்தினால் அவிழும்.

குழந்தைக்குக் குதிரை செய்யக் கேட்டவர்களுக்கு: எட்டு வயதுப் பெண்ணுக்கு நாலரை அடிக் குழாய் போதும். தலையைச் சின்னதாக வெட்டுங்கள், பட்டையை அவள் சட்டையோடு தையுங்கள். எங்கள் வீட்டில் வாலுக்கு அவளுடைய பழைய ஜடைக் குஞ்சலத்தைக் கட்டிவிட்டோம்.