யாழ்ப்பாணத்திலிருந்து ஷிகோக்கு நடக்கப் போகிறவர்களுக்கு

யப்பானின் ஷிகோக்குத் தீவைச் சுற்றிவந்து 88 பௌத்த ஆலயங்களை இணைக்கும் யாத்திரைப் பாதை ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளமானது. நடந்து முடிக்க நாற்பது முதல் ஐம்பது நாட்கள் வரை வேண்டும். கோபோ தைஷி என்று போற்றப்படும் கூக்காய் (774–835) என்ற துறவியை நினைந்து நடக்கும் நடை அது. செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய்வந்தவர்கள் தூரத்தைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. நான் எச்சரிப்பது இறக்கங்களைப் பற்றித்தான்.

குடாநாட்டில் ஏறி இறங்க மேடேது? ஏழு கிலோ பையைச் சுமந்து மூன்று மாதங்கள் கீரிமலை வரை நடந்து பழகிய என் பெருமையெல்லாம், 11ஆம் ஆலயமான புஜியிதேராவிலிருந்து 12ஆம் ஆலயமான ஷோசான்ஜிக்குப் போகும் சுமார் 13 கிலோமீற்றர் மலைப்பாதையிலேயே கரைந்துவிட்டது. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கியது. இறங்கும்போது விரல்கள் சப்பாத்தின் முனையில் இடித்து இடித்து, இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துப்போயின. ஆகவே ஓர் அளவு பெரிய சப்பாத்தை வாங்குங்கள். புறப்படுவதற்கு முன் சிவனொளிபாதமலையில் பையோடு ஏறி இறங்கி, மறுநாள் காலையிலும் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. மார்ச் முதல் மே வரையும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களும் நடைக்கு ஏற்றவை.

ஆலய வாயிலில் வணங்கி, கைகழுவி, மூல மண்டபத்திலும் தைஷி மண்டபத்திலும் மெழுகுதிரியும் ஊதுபத்தியும் ஏற்றிச் சூத்திரம் ஓதிய பின்னரே, கொப்பியில் முத்திரை பெறும் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அது மாலை 5 மணிக்கு மூடப்படுவதால் அன்றைய நடையை அந்நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஊன்றுகோல் தைஷியாகவே கருதப்படுவதால், விடுதியை அடைந்ததும் உங்கள் கால்களுக்கு முன் அதன் அடிமுனையைக் கழுவ வேண்டும். அவர் ஒருமுறை பாலத்தின் கீழ் உறங்கினார் என்ற ஐதிகத்தால் பாலங்களின்மேல் அதை ஊன்றுவதுமில்லை.

சைவ உணவுக்காரருக்கு ஒரு தொல்லை உண்டு: மரக்கறிச் சூப்பிலும் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும். ஊமேபோஷி என்ற புளிப்பான ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்றுருண்டைகளைக் கடைகளில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஊரவர் பழமோ தேநீரோ காசோ தருவார்கள். அதற்கு ஒசெத்தாய் என்று பெயர். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தலை அறிந்தவர்களுக்கு அதன் மனம் புரியும். ஆனால் முதலில் "வேண்டாம்" என்று சொல்லி, இரண்டாம் முறை கேட்டால் வாங்கிக்கொள்ளும் நம் வழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். நான் அப்படி மறுத்தபோது, தோடம்பழங்களோடு நின்ற மூதாட்டியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. உடனே இரு கைகளாலும் வாங்கி, நம் பெயர் எழுதிய வெள்ளைச் சீட்டொன்றைப் பதிலுக்குக் கொடுப்பதே முறை. அந்தச் சீட்டுகளைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். என்னுடையவை முதுகுப்பையின் அடியில் கிடந்தன, நான் துவாயையும் மழைக்கோட்டையும் வீதியில் எடுத்துப் போட்டுத் தேடி முடிக்கும்வரை அந்த அம்மா வெயிலில் காத்து நின்றார்.