ஏரிக்கரையில் இபேர்ட்: பயனுள்ள பறவைப் பட்டியல் இடும் முறை

பனங்காடை இன்றும் மின்கம்பியில் கண்ணில் படும் பறவைதான். ஆனாலும் அதன் எண்ணிக்கை குறைந்துவருவதை 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை எடுத்துக்காட்டியது. கண்ட பறவைகளைப் பட்டியலிட உதவும் இபேர்ட் செயலியில் பறவை ஆர்வலர்கள் பதிந்த சுமார் 3 கோடி குறிப்புகளே அவ்வறிக்கைக்கு அடிப்படை. அத்தகைய பட்டியலை நாமும் இடலாம்.

செயலியை வீட்டிலேயே நிறுவி, கணக்குத் தொடங்கி, நம் பகுதிக்குரிய பறவைத் தொகுப்பையும் தரவிறக்கிக்கொண்டால், ஏரிக்கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு தடைபடாது. கரையை அடைந்ததும் பட்டியலைத் தொடங்குங்கள். நேரத்தையும் நடந்த தடத்தையும் கைபேசியே குறித்துக்கொள்ளும். முதல் நாளில் 15 நிமிடம் போதும்.

எண்ணுவதில்தான் நிதானம் வேண்டும். முக்குளிப்பான் நீரில் மூழ்கி, சற்றுத் தள்ளி வேறோரிடத்தில் தலைதூக்கும். அதைப் புதிய பறவையென்று கணக்கில் சேர்த்துவிடுவது எளிது. ஆகவே, ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தனவோ அந்த எண்ணையே இடுங்கள். நாமக்கோழிக் கூட்டம் பெரிதாக இருந்தால், பத்துப் பத்தாகப் பிரித்து மதிப்பிடலாம்.

முடிக்கும்போது, அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று செயலி கேட்கும். பெயர் தெரியாத பறவை ஒன்றிரண்டு விடுபட்டிருந்தாலும், தெரிந்தவை எதையும் ஒதுக்காதிருந்தால் ‘ஆம்’ என்றே சொல்லலாம். இதுவே பட்டியலின் உயிர்நாடி என்பேன். காகமும் மைனாவும் எதற்கென்று விட்டுவிட்டால், அவை அங்கே இல்லையா, நாம்தான் எழுதவில்லையா என்பதை ஆய்வாளர் அறிய வழியில்லை. நூறு முழுப் பட்டியல்களில் ஒரு பறவை எத்தனையில் இடம்பெறுகிறது என்பதைக் கொண்டே அது பெருகுகிறதா, அருகுகிறதா என்று கணிக்கிறார்கள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நல்ல துணை. ஆனால் கரிச்சான் வல்லூறைப்போலவே குரல் கொடுக்கும் என்பதால், கண்ணால் கண்டு உறுதி செய்யாததைப் பதியாதீர்கள். பறவையை வரவழைப்பதற்காக அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்க விடுவதும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குப் பெருந்தொல்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதுவரை காத்திராமல், ஒரே ஏரிக்கு மாதம் ஒருமுறையேனும் சென்று பட்டியலிட்டு வாருங்கள். வலசைப் பறவைகள் வந்து திரும்பும் காலம் உங்கள் பட்டியல்களிலேயே தெரியத் தொடங்கும்.