அமெரிக்கப் புரட்சியையும் அதன் ராஜதந்திரத்தையும் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் புரட்சியை விளக்கும் கட்டுரைகளிலும் தேர்வுக் குறிப்புகளிலும் குடியேற்றம், வரி, தேயிலை, போர், சுதந்திரம், வெளியுறவு என்ற ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனி அத்தியாயமாக வெட்டி வைப்பதுதான் இந்த வரலாற்றில் நேரும் முதன்மையான தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே மிசிசிப்பி ஆறு வரை பரந்திருந்த நிலம் யாருடைய கையில் இருக்கும் என்ற கேள்வி தொடக்கம் முதல் இறுதி வரை ஓடுகிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் வரியின் காரணமும் விளங்காது, சமாதான ஒப்பந்தத்தின் பொருளும் விளங்காது.

1754இல் ஓஹையோ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படையோடு மோதியவர் 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன். வர்ஜீனியாவின் செல்வந்தர்கள் பங்கு வைத்திருந்த ஓஹையோ நிறுவனத்துக்கு அந்தப் பகுதியில் நில உரிமை வழங்கப்பட்டிருந்தது. அங்கே தொடங்கிய சண்டை ஏழாண்டுப் போராகப் பெருகி, 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் தன் வட அமெரிக்கப் பெருநிலப் பரப்பை இழப்பதில் முடிந்தது. வெற்றி பெற்ற பிரிட்டனின் தேசியக் கடன் 13 கோடிப் பவுண்டை எட்டியிருந்தது. அதே ஆண்டு, ஒட்டாவா பூர்வகுடித் தலைவர் பொன்டியாக் உள்ளிட்டோர் தலைமையில் பூர்வகுடி மக்கள் பிரிட்டிஷ் கோட்டைகளைத் தாக்கினர். அக்டோபர் 7 அன்று வெளியான அரசப் பிரகடனம், மலைகளுக்கு மேற்கே குடியேறக் கூடாது என்றும், அங்குள்ள நிலத்தைப் பூர்வகுடிகளிடமிருந்து அரசு மட்டுமே வாங்கலாம் என்றும் விதித்தது. இதைப் பூர்வகுடிகள் மீது மன்னர் காட்டிய கருணையாக எழுதுவது தவறு. இன்னொரு எல்லைப் போரின் செலவைத் தவிர்ப்பதும், நில விற்பனையைத் தன் பிடியில் வைத்துக்கொள்வதுமே லண்டனின் நோக்கங்கள். அந்த எல்லையைக் காப்பதற்கென அமெரிக்காவில் நிறுத்தத் திட்டமிட்ட ஏறத்தாழ 10,000 படையினரின் செலவில் ஒரு பகுதியை ஈட்டவே, சட்ட ஆவணங்கள், செய்தித்தாள்கள் போன்ற அச்சுத் தாள்கள் மீதான 1765இன் முத்திரை வரி வந்தது. வரிக்கும் நிலத்துக்கும் உள்ள இந்த நேரடித் தொடர்பைச் சொல்லாத எந்த விளக்கமும் அரைகுறையானதே.

மேற்கின் நிலத்தை விரும்பியவர்களில் வாஷிங்டனும் ஒருவர். 1763இன் அரசப் பிரகடனம் பூர்வகுடிகளின் மனத்தை அமைதிப்படுத்துவதற்கான தற்காலிக ஏற்பாடு மட்டுமே என்று 1767இல் தம் நில அளவையாளருக்கு எழுதி, நல்ல நிலங்களை அடையாளம் கண்டு வைக்கச் சொன்னார். சுதந்திரப் பிரகடனத்தின் குற்றச்சாட்டுப் பட்டியலிலேயே, புதிய நிலங்களைப் பெறுவதற்கான நிபந்தனைகளை மன்னர் கடுமையாக்கினார் என்பதும் இடம்பெற்றுள்ளது. முன்னுரையின் உயரிய வரிகளை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு இந்தப் பட்டியலைக் கடந்துபோவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

தேயிலையைப் பற்றி இரண்டு பிழைகள் பரவலாக உள்ளன. 1773இன் தேயிலைச் சட்டம் விலையை ஏற்றியதால் மக்கள் கொதித்தெழுந்தனர் என்பது முதலாவது. உண்மையில் அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி தேயிலையை நேரடியாக அமெரிக்காவில் விற்க வழிசெய்து விலையைக் குறைத்தது. ஏற்கெனவே இருந்த பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் தொடர்ந்தது. மலிவான தேயிலையை வாங்கினால் வரி விதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதும், கம்பெனியின் ஏகபோகம் உள்ளூர் வணிகர்களை அழித்துவிடும் என்பதும்தான் எதிர்ப்பின் காரணங்கள். டிசம்பர் 16 இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது இந்தியத் தேயிலை என்பது இரண்டாவது பிழை. அது சீனத் தேயிலை. அசாம் தேயிலை வணிகத்துக்கு வந்ததே 1830களில்தான். இந்தியத் தொடர்பு வேறிடத்தில் உள்ளது. 1770இன் வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு நிதி நெருக்கடியில் சிக்கிய கம்பெனியைக் காப்பாற்ற, ஒழுங்குமுறைச் சட்டம், 14 லட்சம் பவுண்டு கடன், தேயிலைச் சட்டம் ஆகிய மூன்றையும் நாடாளுமன்றம் 1773இல் அடுத்தடுத்து நிறைவேற்றியது.

தேதிகளிலும் கவனம் வேண்டும். சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பைக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய கான்டினென்டல் காங்கிரஸ் நடத்தியது 1776 ஜூலை 2. பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. அமெரிக்கக் கண்டத்தின் பிரிட்டிஷ் குடியேற்றங்கள் அனைத்தும் கிளர்ந்தெழுந்தன என்றும் எழுதக் கூடாது. கியூபெக், நோவா ஸ்கோஷியா, ஜமைக்கா, பார்படோஸ், இரண்டு புளோரிடாக்கள் ஆகியவை சேரவில்லை.

ராஜதந்திரம் பெஞ்சமின் பிராங்கிளின் 1776 டிசம்பரில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தபோது தொடங்கியதாக எழுதுவது மிக ஆழமாக வேரூன்றிய தவறு. அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பு, 1775 ஜூலையில், பூர்வகுடி நாடுகளுடன் பேச வடக்கு, நடு, தெற்கு என மூன்று துறைகளைக் காங்கிரஸ் அமைத்தது. நடுத் துறையின் ஆணையர்களில் பிராங்கிளினும் ஒருவர். 1778 செப்டம்பர் 17 அன்று பிட் கோட்டையில் லெனாபே மக்களுடன் எழுத்து வடிவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. படைகள் அவர்கள் நிலத்தின் வழியே செல்ல அனுமதி கோரிய அந்த உடன்படிக்கை, எதிர்காலத்தில் லெனாபே தலைமையில் ஒரு மாநிலம் அமைந்து காங்கிரஸில் பிரதிநிதித்துவம் பெறலாம் என்ற வாய்ப்பையும் சொன்னது. அதைச் செய்துகொண்ட லெனாபே தலைவர்களில் முதன்மையானவரான ஒயிட் ஐஸ் சில வாரங்களிலேயே இறந்தார். அம்மை நோய் என்று அறிவிக்கப்பட்டது; அவர் கொல்லப்பட்டார் என்று காங்கிரஸின் முகவராக இருந்த ஜார்ஜ் மார்கன் பின்னர் எழுதினார். 1782 மார்ச்சில் நாடன்ஹட்டன் என்ற சிற்றூரில், ஆயுதம் ஏந்தாத கிறிஸ்தவ லெனாபே மக்கள் 96 பேரைப் பென்சில்வேனியக் குடிப்படையினர் கொன்றனர். பாரிஸ் வரவேற்பறைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இந்த உடன்படிக்கைக்கும் இந்தக் கொலைகளுக்கும் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1777இல் சரடோகாவில் பிரிட்டிஷ் படையை அமெரிக்கர் வென்ற பிறகே பிரான்ஸ் உதவத் தொடங்கியது என்பதும் சரியன்று. எழுத்தாளர் பொமார்ஷே நடத்திய போலி வணிக நிறுவனத்துக்கு 1776இலேயே பிரெஞ்சு அரசும் ஸ்பெயினும் ஆளுக்குப் பத்து லட்சம் லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்தன. துப்பாக்கியும் வெடிமருந்தும் அவ்வழியே சென்றன. சரடோகா அந்த மறைமுக உதவியை வெளிப்படையான கூட்டணியாக்கியது. 1778 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தானவை நட்பு, வணிக ஒப்பந்தம் ஒன்றும் ராணுவக் கூட்டணி ஒப்பந்தம் ஒன்றும் ஆகும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. பிரெஞ்சு அமைச்சர் வெர்ஜென் விரும்பியது பிரிட்டனின் பலவீனமே தவிர, குடியரசுக் கொள்கையின் வெற்றியன்று. ஸ்பெயினை அமெரிக்காவின் நட்பு நாடாகக் குறிப்பிடுவதும் பிழை: 1779இல் அது பிரான்சின் கூட்டாளியாகப் போரில் இறங்கியது, காங்கிரஸ் அனுப்பி மாட்ரிட் சென்ற ஜான் ஜேயைத் தூதராக ஏற்கவில்லை.

இந்த அனுபவமே பிரிட்டனுடனான 1782இன் சமாதானப் பேச்சுவார்த்தைக்குத் திறவுகோல். பிரான்சின் அறிவுரைப்படி நடக்க வேண்டும் என்று காங்கிரஸ் தன் பிரதிநிதிகளுக்குக் கட்டளையிட்டிருந்தது. மிசிசிப்பி வரையிலான நிலம் அமெரிக்காவுக்குப் போவதை ஸ்பெயினும் பிரான்சும் விரும்பவில்லை என்று ஜே ஐயுற்றார். பிரிட்டிஷ் பிரதிநிதியின் அதிகாரப் பத்திரம் தம்மைக் குடியேற்றங்கள் என்றல்லாமல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று குறிப்பிட வேண்டும் எனப் பிடிவாதமாக நின்றார். பிராங்கிளின், ஜே, ஜான் ஆடம்ஸ் மூவரும் கட்டளையை மீறிப் பிரிட்டனுடன் தனியே பேசி, நவம்பர் 30 அன்று முதற்கட்ட உடன்பாட்டை முடித்தனர். பிரான்சின் நன்றிக்கடனில் கட்டுண்ட எளிய குடியரசு என்ற சித்திரத்தை இந்த நிகழ்வு உடைக்கிறது.

1783 செப்டம்பர் 3 அன்று இறுதி ஒப்பந்தம் மிசிசிப்பி வரையிலான நிலத்தை அமெரிக்காவுக்கு அளித்தபோது, அங்கே வாழ்ந்த எந்தப் பூர்வகுடி நாடும் மேசையில் இல்லை. அந்த நிலம் அன்றே அமெரிக்காவின் கைக்கு வந்துவிட்டதாக வரைபடம் வரைவதும் தவறு. டெட்ராய்ட், நயாகரா முதலிய கோட்டைகளைப் பிரிட்டன் 1796 வரை விடவில்லை; விட்டதற்குக் காரணம் 1794இன் ஜே ஒப்பந்தம். அதே ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவுதான் இந்தியாவின் பிரிட்டிஷ் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்யும் உரிமையையும் உறுதிப்படுத்தியது.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்ததோடு போர் முடிந்தது என்று எழுதுவோருக்குக் கடலூரை நினைவூட்ட வேண்டும். அதே போரின் பகுதியாக, 1783 ஜூன் 20 அன்று அந்தக் கடற்கரைக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் மோதினர். கரையிலோ பிரிட்டிஷ் படை கடலூரை முற்றுகையிட்டிருந்தது. ஐரோப்பாவில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே ஜனவரியிலேயே சமாதான முன்னுடன்பாடு கையெழுத்தாகியிருந்தும், செய்தி ஜூன் இறுதியில்தான் வந்து சேர்ந்தது. டச்சுக்காரர்கள் 1781இல் இழந்த நாகப்பட்டினம், 1784 சமாதானத்திலும் பிரிட்டன் வசமே நின்றது.

சிக்கவைக்கும் கூட்டணிகள் வேண்டாம் என்ற சொற்றொடரை வாஷிங்டனின் 1796 பிரியாவிடை உரையோடு இணைப்பது பொதுவான பிழை; அது ஜெபர்சன் 1801இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது சொன்னது. நிரந்தரக் கூட்டணிகளைத் தவிர்க்கச் சொன்ன வாஷிங்டன், ஏற்கெனவே உள்ள கடப்பாடுகளை நேர்மையாக நிறைவேற்ற வேண்டும் என்றும் சொன்னார். பிரான்சுடனான கூட்டணி அப்போதும் நடைமுறையில் இருந்தது. 1800இன் உடன்படிக்கையே அதைச் சட்டப்படி முடித்தது.

மிசிசிப்பிக்கு மேற்கே பரந்த, ஸ்பெயினிடமிருந்து பிரான்ஸ் திரும்பப் பெற்றிருந்த லூசியானாவை 1803இல் 1.5 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கிய கொள்முதலை ஜெபர்சனின் தொலைநோக்காக மட்டும் விளக்குவதும் போதாது. கரீபியனில் பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த செயின்ட்-டொமிங்கில் அடிமைத்தளையிலிருந்து எழுந்த மக்களின் எதிர்ப்பும் மஞ்சள் காய்ச்சலும் நெப்போலியன் அனுப்பிய படையை அழித்ததால்தான், அமெரிக்கப் பேரரசுக் கனவைக் கைவிட்டு அவர் நிலத்தை விற்றார். அமெரிக்கா வாங்கியதும் பிற ஐரோப்பிய அரசுகளுக்கு எதிரான உரிமைக்கோரிக்கையே. அங்கிருந்த பூர்வகுடி நாடுகளிடமிருந்து நிலத்தை ஒப்பந்தங்களாலும் போர்களாலும் பிடுங்கும் வேலை அந்த நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது. 1804இல் ஹைட்டி என்ற பெயரில் சுதந்திரம் அறிவித்த அந்தத் தீவு மக்களின் குடியரசை அமெரிக்கா 1862 வரை அங்கீகரிக்கவில்லை.