கோலில் நிற்கும் பெண் பிள்ளை: தோட்டப்புறத்தில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்துக் காற்பந்துத் திடலுக்குச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகள் குழு பிரித்ததும் ஒரு குரல் வரும்: “ஏய் நெட்டச்சி, நீ கோலுக்குப் போ!” உயரமானவள் இல்லையென்றால் மெதுவாக ஓடுகிறவள். மிச்சம் இருப்பவளுக்குக் கொடுக்கும் வேலை என்றாகிவிட்டது. தொழில்முறைக் காற்பந்துவரை போகக்கூடிய ஒரு பிள்ளையை நாம் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பெண்கள் ஆட்டத்துக்கும் அதே அளவுதான். அதனால் உயரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் 2011 பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அமெரிக்காவின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து ஜப்பானுக்குக் கிண்ணத்தை வாங்கித் தந்த அயுமி காய்ஹோரியின் உயரம் 1.70 மீட்டர். நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தக்கால மலேசியக் கோல் காவலர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தின் நீளக் கையைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். அவர் கால் எங்கே நின்றது, எப்போது நகர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளையைப் பொறுக்கும்போது அதைத்தான் பார்க்க வேண்டும். பந்து வருமுன் சின்னச் சின்ன அடி வைத்து இடம் மாறுகிறாளா? பந்து முகத்துக்கு நேரே வரும்போது கண்ணை மூடாமல் இருக்கிறாளா?

அடுத்தது பாயக் கற்றுக்கொடுக்கும் முறை. கெட்டியான செம்மண் திடலில் முதல் நாளே “பாய்ந்து பிடி” என்றால் அவள் முழங்கையையும் முழங்காலையும் ஊன்றித்தான் விழுவாள். இரண்டே வாரத்தில் பயம் வந்துவிடும், அதன்பிறகு அதைப் போக்குவது பெரும்பாடு. மண்டியிட்ட நிலையில் தொடங்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து, தொடையின் வெளிப்புறம், இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். பந்தும் கூடவே தரைக்கு வர வேண்டும். பிறகு குந்தி, பிறகு நின்று. பாய்வது நேர் பக்கவாட்டில் இல்லாமல் சற்று முன்னோக்கி இருக்கட்டும். பின்வாங்கிப் பாய்ந்தால் கையில் பட்ட பந்தும் கோலுக்குள் போய்விடும். மழை விட்ட புல்தரை இந்தப் பயிற்சிக்கு ரொம்ப நல்லது. துணி துவைக்கப் போகிறவர் அம்மா என்பதால் இதைச் சத்தமாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

கிளவுஸ் விஷயம் சின்னது, ஆனால் காசு போகிறது. விளையாடி முடித்ததும் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைப்பது, அல்லது மோட்டார் சைக்கிள் சீட்டில் உச்சி வெயிலில் காயப் போடுவது, இரண்டுமே அதைக் கெடுக்கும். உள்ளங்கையில் இருப்பது லேடெக்ஸ். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது வெயிலில் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டுமா? வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும்.

கையை மட்டும் பழக்கிக் காலை விட்டுவிடுவது எங்கும் நடக்கிறது. சகவீரர் காலால் வேண்டுமென்றே கொடுக்கும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992-லேயே வந்துவிட்டது. 2025-லிருந்து இன்னொன்று: எட்டு வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து வினாடியை நடுவர் விரல் மடக்கி எண்ணிக் காட்டுவார். இன்னமும் திடலோரத்தில் நின்று “மெதுவா, மெதுவா, பிடிச்சு வச்சுக்க!” என்று கத்தும் அங்கிள்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

வார்ம் அப் என்ற பெயரில் ஆளாளுக்குக் கோலை நோக்கி அடிப்பதும் நிற்க வேண்டும். உடம்பு சூடாகாமல் பாயப்போகிறவள் அவள் ஒருத்திதான். முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு. உலகக் காற்பந்துச் சம்மேளனமான பிஃபாவின் ‘பிஃபா 11+’ என்ற வார்ம் அப் பயிற்சி வரிசைக்கு 20 நிமிடமும் ஒரு பந்தும் போதும். தலையில் அடிபட்டால் தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடி நிறுத்துவது அதைவிட மோசம். 1999 உலகக் கிண்ண இறுதியில் பெனால்டி தடுத்த பிரையானா ஸ்கரியின் ஆட்ட வாழ்க்கையை 2010-இல் தலையில் பட்ட ஒரே அடி முடித்துவைத்தது. அன்றைக்கு ஆட்டம் போனால் போகட்டும், வெளியே கூட்டி வாருங்கள்.

பெஞ்சில் உட்கார வைத்ததும் “எங்கள் பிள்ளையை ஒதுக்குகிறார்கள்” என்று குழுவிட்டுக் குழு மாற்றும் பெற்றோரும் உண்டு. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இந்த இடத்தில் ஆடுவது ஒருவர்தான். ஜெர்மனியின் நடின் ஆங்கரர் 1996-இல் தேசியக் குழுவுக்கு வந்து, பத்தாண்டுக்கு மேல் சில்கே ரோட்டன்பர்குக்குப் பின்னால் காத்திருந்தார். ரோட்டன்பர்குக்குக் காயம்பட்ட 2007-இல் இடம் கிடைத்தது; அந்த உலகக் கிண்ணத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. உலகின் சிறந்த வீராங்கனை விருது வந்தபோது வயது 35. பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்ததும் “போதும், வேலைக்குப் போ” என்று நாம் நிறுத்தும் வயதில் கோல் காவலர் இன்னும் பாதிகூட வளர்ந்திருக்க மாட்டார்.

அதற்காகப் படிப்பை விடச் சொல்லவில்லை. பெண்கள் காற்பந்தில் உலகச் சராசரி ஆண்டுச் சம்பளமாக பிஃபா சொன்ன தொகை சுமார் 10,900 அமெரிக்க டாலர். இந்தியாவின் அதிதி சௌகான் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் போனவர். 2015-இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் குழுவுக்குக் கோல் காத்தார். இங்கே மாநிலக் குழுவுக்கான தேர்வு, பெண்கள் காற்பந்துக்கான துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணம், புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி என்று வழி இருக்கிறது. அதில் போகும்போதே படிக்கலாம்.

கடைசியாக ஒப்பந்தக் காகிதம். “வெளிநாட்டில் டிரையல், முன்பணம் கட்டுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வருகிறவரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் வெளிநாட்டுக் குழுவுக்கு மாறுவதற்கு பிஃபா பொதுவாகத் தடை விதிக்கிறது, விதிவிலக்குகள் சிலவே. முகவர் என்றால் பிஃபா உரிமம் இருக்கிறதா என்று அதன் இணையப் பட்டியலில் தேடுங்கள். 18 வயதாகாதவருடன் மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது. 2021 முதல் பிரசவ விடுப்பு குறைந்தது 14 வாரம், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு. கையெழுத்துக்கு முன் காயச் செலவு யார் பொறுப்பு, சம்பளம் எத்தனாம் தேதி என்ற இரண்டு வரியையும் மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துக் கேளுங்கள். வாயால் சொன்னதை அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.