வீட்டில் சொல்வதும் வீதியில் நடப்பதும்: தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெருமித மாதமான ஜூன் பிறந்ததும் சமூக ஊடகங்களில் வானவில் கொடிகள் நிறைந்துவிடும். தம் பாலினத்தவர் மேலேயே ஈர்ப்பு உண்டு என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர்களைப் பாராட்டும் பதிவுகளும் அவற்றோடு சேர்ந்து வரும். அவற்றைப் படிக்கும் இளைஞர் ஒருவருக்கு, தானும் இந்த மாதத்துக்குள் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் பிறப்பது இயல்பே. அந்த அவசரத்துக்கு இடம்கொடுக்க வேண்டாம். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. யாரிடம், எப்போது சொல்வது, யாரிடம் சொல்லாமலே இருப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையதே. ஆனால் நீங்கள் குடியிருப்பது யாருடைய வீடு, கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவது யார், உங்கள் மதிப்பெண் சான்றிதழ்கள் யாருடைய பீரோவில் இருக்கின்றன என்பவைதாம் வீட்டுக் கூடத்தில் நடக்கப்போவதைத் தீர்மானிக்கும்.

அதனால் முதல் வேலை, பேச்சைத் தயாரிப்பதன்று, பொருளைத் திரட்டுவது. பிறப்புச் சான்றிதழ், பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள், ஆதார், கடவுச்சீட்டு ஆகியவற்றின் மூலப் படிகளோ, குறைந்தபட்சம் தெளிவான நகல்களோ உங்கள் வசம் இருக்கட்டும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருப்பது மட்டும் போதாது. கடவுச்சொல் வரும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும், தந்தையின் எண்ணாக இருக்கக்கூடாது. சொன்ன அன்றிரவே வீட்டைவிட்டுப் போக நேர்ந்தால் கதவைத் திறக்கக்கூடிய நண்பர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவைத்திருங்கள். பெரும்பாலான வீடுகளில் அப்படி எதுவும் நடக்காமல் போகலாம். ஆனாலும் போக்கிடம் உண்டு என்று தெரிந்தவரின் குரலில் நடுக்கம் குறைவாக இருக்கும். படிப்பு முடிய ஓராண்டு இருந்து, வீட்டில் கடும் கோபக்காரர்கள் இருப்பார்களானால், அந்த ஓராண்டு காத்திருப்பதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்ல இடமில்லை.

முதலில் சொல்ல வேண்டியவர் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. அக்கா, தம்பி, அத்தை மகள், பள்ளித் தோழர் ஆகியோருள் யாரிடம் பிறருடைய ரகசியங்கள் தங்குகின்றன என்று பாருங்கள். மற்றவர் கதைகளை உங்களிடம் சுவையாகச் சொல்பவர், உங்கள் கதையையும் வேறோரிடத்தில் அப்படியே சொல்வார். நேரில் சொல்லுங்கள், அல்லது தொலைபேசியில் பேசுங்கள்; வாட்ஸ்அப்பில் எழுதினால் அது ஒரே நிமிடத்தில் படமாக மாறிக் குடும்பக் குழுவுக்குப் போய்ச்சேர வாய்ப்புண்டு. சொல்லி முடித்ததும், 'இது இப்போதைக்கு உன்னோடு இருக்கட்டும், வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன்' என்ற வாக்கியத்தையும் விடாமல் சேர்த்துவிடுங்கள். அவ்வாறு ஒருவர் துணைக்கு இருந்தால், பிற்பாடு அம்மா அழும்போது பக்கத்தில் உட்காரவும் ஆள் கிடைக்கும்.

பெற்றோரிடம் பேசும் வேளையைத் தேர்வதில் நம் குடும்பங்களுக்கே உரிய சில கணக்குகள் உண்டு. பொங்கலும் தீபாவளியும் ஏற்றவை அல்ல, வீடு முழுக்க உறவினர் இருப்பார்கள். தங்கையின் திருமணப் பேச்சு நடக்கும் வாரமும் ஏற்றதன்று. சண்டையின் உச்சத்தில், ஆயுதம்போல் எடுத்து வீசுவது எல்லாவற்றிலும் மோசமானது. பிறகு எத்தனை முறை நிதானமாக விளக்கினாலும், கோபத்தில் சொன்னதாகவே அது அவர்கள் நினைவில் நின்றுவிடும். ஆனால் எவ்வளவு தள்ளிப்போட்டாலும் தாண்டக்கூடாத ஒரு தேதி உண்டு: உங்களுக்கு ஒரு வரன் நிச்சயமாவதற்கு முந்தைய நாள். ஜாதகம் வெளியே போகத் தொடங்கும்போதே, காரணத்தைச் சொல்ல முடியாவிட்டாலும், திருமணம் வேண்டாம் என்பதை மட்டுமாவது உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரின் மனநிறைவுக்காக, ஒன்றும் அறியாத ஒருவரை மணந்து அவருடைய வாழ்வையும் சேர்த்துச் சிக்கலாக்குவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. சூழ்நிலையின் கொடுமை எத்தகையது என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

பலர் அம்மாவிடம் முதலில் சொல்கிறார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு: 'அப்பாவிடம் சொல்லிவிடாதே' என்று கேட்டுக்கொள்ளும்போது, கணவரிடம் மறைக்கும் பாரத்தை நீங்கள் அவர் தலையில் ஏற்றுகிறீர்கள். எனவே அப்பாவிடம் எப்போது, யார் சொல்வது என்பதையும் அதே பேச்சில் முடிவுசெய்துகொள்வது நல்லது. சொற்கள் எளிமையாகவும் தமிழிலும் இருக்கட்டும். ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் அவர்களை இன்னும் தொலைவுக்குத் தள்ளும். 'அம்மா, எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு வரல, ஆம்பளைங்க மேலதான் வருது. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். யாரும் என்னைக் கெடுக்கல, உங்க வளர்ப்புலயும் குறை இல்ல. உங்ககிட்ட மறைச்சு வாழ எனக்குப் பிடிக்கல, அதான் சொல்றேன்' என்பது போதும். இதற்கு மேல் முதல் நாளில் விளக்க வேண்டியதில்லை. நேரில் பேசத் துணிவு வராதவர்கள் கையால் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். பெற்றோர் அதைத் தனிமையில் திரும்பத் திரும்பப் படிப்பார்கள் என்பதே அதன் பலம். முதல் மறுமொழி எத்தனை கடுமையாக இருந்தாலும் அதையே இறுதி முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஏற்ற ஒன்றை அவர்கள் அரை மணி நேரத்தில் கேட்டிருக்கிறார்கள்.

கேள்விகள் வரும், பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம் எல்லா வீட்டிலும் வருகின்றன. 'டாக்டரிடம் காட்டலாமா?' என்பது அவற்றுள் முதன்மையானது. உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை 1990 மே 17 அன்றே நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயன்று என்று 2018இல் அறிவித்தது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று ஒரு மருத்துவர் சிகிச்சை அளித்தால், அது தொழில் ஒழுங்குமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியிருக்கிறது. இந்த விவரங்களை ஒரு தாளில் தமிழில் எழுதிவைத்திருந்தால் அப்பாவுக்குப் பயன்படும். குடும்பத்தோடு ஓர் உளவியல் ஆலோசகரைப் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. பல வீடுகளில் அது பேச்சைத் தொடங்கிவைக்கும். ஆனால் முன்பதிவுக்கு முன்பே அவரைத் தனியாக அழைத்து, இதை மாற்ற வேண்டிய ஒன்றாகக் கருதுகிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அம்மா பரிகாரம் செய்யவும் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளவும் விரும்பினால், அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. விளக்கேற்றுவது அவர் மனப் பாரத்தை இறக்கும் வழி. ஊசிக்கும் மாத்திரைக்கும் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

'அப்படியென்றால் நீ திருநங்கையாகப் போகிறாயா?' என்ற கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். ஒருவர் தம்மை ஆணாக உணர்கிறாரா பெண்ணாக உணர்கிறாரா என்பது வேறு, யார்மேல் ஈர்ப்புக் கொள்கிறார் என்பது வேறு. அதை விளக்கும் அவசரத்தில் 'நான் அவர்களைப் போல இல்லை' என்று திருநங்கைகளைத் தாழ்த்திப் பேசிவிடக் கூடாது. சென்னையில் வானவில் பேரணி தொடங்கும் முன்பிருந்தே வீதியில் வெளிப்படையாக வாழ்ந்து, அடியும் ஏச்சும் வாங்கியவர்கள் அவர்களே.

'வயசான காலத்தில் யார் பார்த்துப்பா?' என்ற கேள்விக்குத்தான் நேர்மையாகப் பதில் சொல்வது கடினம். தன்பால் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று ஏற்க மறுத்துவிட்டது. இணையராகச் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்கவும் வழியில்லை. தனிநபராகத் தத்தெடுக்கலாம், ஆனால் தனித்து வாழும் ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. இணையருடன் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் அவரை நியமனதாரராக்கவும் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் சொன்னால், நீங்கள் கனவில் மிதக்கவில்லை என்று பெற்றோருக்குப் புரியும். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதற்கு மறுமொழி தேட வேண்டாம். அந்த நாலு பேருக்கு எப்போது சொல்வது என்பதைப் பெற்றோரே முடிவுசெய்யட்டும் என்று விட்டுக்கொடுத்தால், அவர்கள் பயத்தில் பாதி குறையும்.

பேச்சு கைமீறிப் போகும் வீடுகளும் உண்டு. கைபேசியைப் பிடுங்கி அறையில் பூட்டுவது, கட்டாயமாக மருத்துவமனையில் சேர்ப்பது, இணையரின் மேல் கடத்தல் புகார் கொடுப்பது ஆகியவை நடந்திருக்கின்றன. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். அந்த நீதிபதி, தமக்கு இது குறித்து முன்முடிவுகள் இருந்ததை ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே ஆணையை எழுதினார். நான் அறிந்த நீதிமன்ற நிகழ்வுகளில் மிக அரியது இது. காணாமல் போனதாகப் புகார் வந்து, விசாரணையில் இருவரும் மனமொத்துச் சேர்ந்திருக்கும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு துன்புறுத்தாமல் காவல்துறை புகாரை முடிக்க வேண்டும் என்பது அந்த ஆணை. 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலும், இச்சமூகத்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஊர் வழக்கத்துக்கும் ஒழுக்க நெறிக்கும் ஒத்துப்போகவில்லை என்பதைக் காட்டி ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்ட 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம்தரவில்லை. அடைத்து வைக்கப்பட்டால், வெளியே இருக்கும் நண்பர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். 2025 மே மாதத்தில் அத்தகைய மனு ஒன்றின் பேரில், குடும்பத்தார் தடுத்து வைத்திருந்த இளம்பெண் ஒருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றும் அந்த அமர்வு கூறியது. இலவச சட்ட உதவிக்கு 15100, மனம் தாங்காத இரவுகளில் மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கைபேசி பறிபோனபின் அதில் பதிந்துவைத்த எண்ணால் பயனில்லை.

இவையெல்லாம் இந்தியாவில் வாழ்வோருக்கு. இலங்கையிலும் மலேசியாவிலும் தன்பால் உறவைக் குற்றமாக்கும் பழைய காலனியச் சட்டப் பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருப்பதால், அங்குள்ள தமிழர்கள் பொதுவெளியில் பெயருடன் எழுதுவதற்கு முன் உள்ளூர் வழக்கறிஞரைக் கேட்பது நலம். சிங்கப்பூர் அப்பிரிவை 2022இல் நீக்கிவிட்டது.

இனி வீதிக்கு வருவோம். இந்தியாவின் முதல் வானவில் பேரணி 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் பதினைந்து பேர் அளவில் நடந்தது. சென்னையில் 2009 ஜூனில் மெரினா கடற்கரையில் முதன்முறை பேரணி நடந்தது. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தில்லி உயர் நீதிமன்றம் தளர்த்திய தீர்ப்பு அதற்குச் சில நாட்கள் கழித்தே வந்தது. அதாவது, சட்டம் இன்னும் எதிராக இருந்தபோதே நடந்தார்கள். வீட்டில் சொன்ன பிறகுதான் பேரணிக்குப் போக வேண்டும் என்றில்லை. சொல்லாமலே போகிறவர்களும் பலர். முதல் முறையானால் நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு, மனம் வந்தால் கூட்டத்தில் இறங்குங்கள். தனியாக வராமல், நிலைமை அறிந்த ஒரு நண்பருடன் வருவது நல்லது. ஜூன் கடைசியில் சென்னை வெயில் மாலையிலும் தணியாது. தண்ணீரும் பருத்தி உடையும் தேவை. பதாகை எழுதுவதானால் தமிழில் எழுதுங்கள், பேருந்தில் போகிறவர்கள் படிப்பார்கள்.

அடையாளம் தெரியக்கூடாது என்பவர்கள் முகமூடி அணிந்து நடப்பது தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முகத்தை மட்டும் மறைத்துவிட்டு, அலுவலக அடையாள அட்டைக் கயிற்றையும் எல்லாரும் அறிந்த சட்டையையும் அணிந்து வந்து பயனில்லை. செய்தியாளர்கள் ஒலிவாங்கியை நீட்டினால், பேச மறுக்க உங்களுக்கு உரிமையுண்டு. பேசுவதானால் முழுப்பெயரும் ஊர்ப்பெயரும் சொல்லாதீர்கள். மறுநாள் நாளிதழில் வரும் படத்தை உங்கள் தெருக்காரர் பார்க்கலாம் என்பதை எண்ணிக்கொண்டே வரிசையில் இடம்பிடியுங்கள். முன்வரிசையும் பறை அடிப்பவர்களின் பக்கமும் புகைப்படக்காரர்கள் மொய்க்கும் இடங்கள். நீங்கள் எடுத்த படங்களை வலையேற்றும்போது, பின்னால் தெரியும் ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். அனுமதி பெறாத முகங்களை மறைத்துவிட்டு, இடக்குறியீட்டையும் நீக்கிய பிறகே பதிவிடுங்கள். உடன் வந்தவரின் பெயரை, அவரைக் கேட்காமல் இணைக்க வேண்டாம்.