மாரியில ஆட்டுக்குப் புழு மருந்து குடுக்க முதல் கண்ணைப் பாருங்க

மாரி தொடங்கினா தம்பலகாமம், கிண்ணியா பக்கமெல்லாம் ஆடு திடீரெண்டு விழும். கனபேர் நஞ்சுப் புல் திண்டிட்டு எண்டு நினைப்பினம், ஆனா அதிகமா நாலாவது வயித்தில இருந்து இரத்தம் குடிக்கிற வட்டப்புழுதான் காரணம். ரெண்டு மூண்டு சென்டிமீட்டர் நீளம்தான், ஆனா ஒரு பெட்டைப்புழு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல முட்டை போடும். இந்தப் புழுவுக்குக் கழிச்சல் வரவேணும் எண்டில்லை, புழுக்கை நல்லா இருக்கும், அதிலதான் ஏமாறுறது.

போன மாரியில எங்கட மறி ஒண்டுக்குத் தாடைக்குக் கீழ தண்ணி கட்டித் தொங்கினது, அதும் இந்தப் புழுவாலதான், ஆனா முள்ளு குத்தின வீக்கமெண்டு விட்டிட்டன், நாலாம் நாள் செத்துப்போச்சு, பால்குடிக் குட்டி நிண்டு கத்தினது இப்பவும் காதுக்குள்ள நிக்குது.

புழு இரத்தம் குடிச்சா கண் இமையின்ர உள்பக்கம் வெளிறும், அதால ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நல்ல வெயில் வெளிச்சத்தில கண்ணைப் பாருங்க. மேல் இமையை ஒரு பெருவிரலால மெல்ல அமத்தி, மற்ற விரலால கீழ் இமையை இறக்கினா உள்பக்கம் தெரியும். நல்ல சிவப்பெண்டா மருந்து வேண்டாம். வெளிறின ரோசா எண்டா குடுங்க, வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தா அண்டைக்கே மிருக வைத்தியரக் கூப்பிடுங்க. குட்டி போட்ட மறியையும் பால் மறந்த குட்டிகளையும் கட்டாயம் பாருங்க, அதுகளுக்குத்தான் புழு கூட.

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில ஊத்தாதீங்க, மருந்துக்குத் தப்பின புழு மட்டும் பெருகி பிறகு அந்த மருந்தே வேலை செய்யாது. அளவு குறைஞ்சாலும் இதேதான். ஆட்டைத் தூக்கிக்கொண்டு தராசில ஏறி நிண்டு, பிறகு உங்கட நிறையைக் கழிச்சா சரியான கிலோ வரும். செம்மறிக்கு எழுதின அளவு வெள்ளாட்டுக்குக் காணாது, வைத்தியரிட்ட கேட்டுப்போட்டு குடுங்க. சினை பிடிச்சு முதல் மாசமெண்டா அல்பெண்டசோல் எண்ட புழு மருந்து வேண்டாம். ஊத்தேக்க தலையை மேல தூக்காம கடைவாயால நாக்குக்குப் பின்னால விடுங்க, இல்லாட்டி சுவாசப்பைக்குப் போயிரும்.

மேய்ச்சலும் முக்கியம், முட்டையில இருந்து வாற குஞ்சுப்புழு ஈரத்தில புல்லில ஏறும், அதுவும் அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குள்ளதான் கூட. பனி காஞ்ச பிறகு அவிட்டு விடுங்க, மொட்டையா மேஞ்ச இடத்திலயே திரும்பத் திரும்பக் கட்டாதீங்க, பூவரசு, கிளிசரியா குழையை உயரத்தில கட்டித் தொங்கவிடுங்க.

மருந்து குடுத்து ரெண்டு கிழமையால புதுப் புழுக்கையைப் பொலித்தீன் பையில போட்டு வைத்தியரிட்ட குடுத்தா முட்டை எண்ணிப் பார்ப்பினம், குறையேல்லை எண்டா மருந்தை மாத்தோணும்.