கம்பியூட்டர் வருமுன்னே கோடிங்: தோட்டப் பாடசாலையில் எல்லாப் பிள்ளைக்கும்

கோடிங், அதாவது கணினிக்குக் கட்டளை எழுதுவது, என்றவுடன் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, “கம்பியூட்டர் எத்தனை இருக்கிறது?” நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் மூன்று இருந்தன. அதில் ஒன்று மழைக்காலத்தில் எழும்பவே எழும்பாது. மிச்சம் இரண்டுக்குக் கணக்குப் பார்த்து, தரம் 5இல் கெட்டிக்காரர் ஆறு பேரைத் தெரிந்தெடுத்து உட்கார வைத்தோம். மற்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு தவணை முழுவதும் அப்படியே போனது. அந்த வெட்கத்தில் பழகிய முறைதான் இது.

தரம் 1 முதல் 5 வரை எந்த வகுப்புக்கும் பொருந்தும். உங்களுக்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் நான்கு கிழமைக்கு வெண்கட்டி, பழைய கலண்டர்கள், கொஞ்சம் தரை இருந்தால் போதும்.

படி 1: தரையில் கட்டம்

ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் கீறுங்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு பிள்ளையின் இரண்டு பாதமும் தாராளமாக அடங்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மழையை நம்பி முற்றத்தில் கீறினால் பாடம் கரைந்துபோகும். மண்டபத்துக்குள்ளேயே கீறுங்கள். ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு நடக்கிறதென்றால் பக்கத்து டீச்சரிடம் முதலே சொல்லிவிடுங்கள். அவருடைய பிள்ளைகளின் கண்ணும் இங்கேதான் இருக்கும்.

ஒரு மூலையில் ஒரு பிள்ளை ரோபோவாக நிற்கட்டும். எதிர் மூலையில் ஒரு கூடையை வையுங்கள். ரோபோ கூடைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தெரிந்த சொல் மூன்றே மூன்று: முன்னே போ, இடம் திரும்பு, வலம் திரும்பு.

வகுப்பு சிக்குவது இங்கேதான். “இடம் திரும்பு” என்றால் பிள்ளை திரும்பி, அதே வேகத்தில் ஒரு கட்டம் நகர்ந்தும் விடும். திரும்புவது வேறு, நகர்வது வேறு என்பதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, நீங்களே கட்டத்தில் நின்று காட்டுங்கள். அடுத்த சிக்கல், எதிரே நின்று கட்டளை சொல்லும் பிள்ளையின் இடதுகை ரோபோவுக்கு வலப்பக்கம். ரோபோவின் இடதுகையில் ஒரு றிபனைக் கட்டினால் பாதிச் சண்டை தீரும். தரம் 1, 2க்கு இதிலேயே இரண்டு பாடவேளை போய்விடும். போகட்டும்.

படி 2: வாயை மூடி, அட்டையை அடுக்கு

இனிமேல் கத்திச் சொல்லக் கூடாது. கலண்டர் தாள்களைச் சிறு அட்டைகளாக வெட்டி, பின்பக்கத்தில் அம்புக்குறி வரையச் சொல்லுங்கள். நேர் அம்பு முன்னே போக, வளைந்த அம்பு திரும்ப. பயணம் முழுவதற்கும் அட்டைகளை அடுக்கிய பிறகே ரோபோ நடக்கலாம். அந்த அடுக்குத்தான் நிரல், பிள்ளைகள் வாயில் ‘புரோகிராம்’.

நான்கு பேருக்கு ஒரு குழு: அட்டை வரைபவர், அடுக்குபவர், ரோபோ, பிழை பிடிப்பவர். ஒவ்வொரு சுற்றும் வேலை மாற வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விட்டால் கெட்டிக்காரப் பிள்ளையே கடைசிவரை அடுக்கிக்கொண்டிருக்கும். எழுத்துக் கூட்ட இன்னும் தடுமாறும் பிள்ளை பிழை பிடிப்பதில் புலியாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரோபோ கட்டத்தை விட்டு வெளியே போய்ச் சுவரில் முட்டும். சிரிக்கட்டும். அப்புறம், “யார் பிழை விட்டது?” என்று கேட்காமல், “எந்த அட்டையில் பிழைத்தது?” என்று கேளுங்கள். இதற்குக் கணினிக்காரர்கள் ‘பக்’ என்பார்கள், அதாவது பூச்சி. 1947இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி ஒன்றில் உண்மையாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கி, அதை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அந்தச் சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. இருந்தாலும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

படி 3: திரும்பத் திரும்ப

‘முன்னே’ அட்டை பன்னிரண்டு வரைந்த பிள்ளைக்குக் கை வலிக்கும். அந்த நேரம் பார்த்து, “3 தடவை” என்று எழுதிய ஒரு அட்டையைக் கொடுங்கள். சதுரமாக நடக்க வேண்டுமா? 4 தடவை: (3 தடவை முன்னே, ஒரு வலம்). வேறு விளக்கம் தேவைப்படாது.

படி 4: இருந்தால், இல்லாவிட்டால்

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்க நடப்பது இதுதான்:

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருந்தால் கிள்ளு.
இல்லாவிட்டால் விடு.
கூடை நிறையும் வரை திரும்பச் செய்.

பல விதமான தளிர்களை அட்டையில் வரைந்து கலக்கி, ரோபோவைக் கொழுந்தெடுக்க விடுங்கள். பிறகு வீட்டில் நடப்பதை வைத்து ஆளுக்கொரு ‘இருந்தால்’ எழுதச் சொல்லுங்கள். தரம் 5 மாணவி ஒருத்தி எழுதினாள்: “நிறை கணக்குக்கு வந்தால் முழுப்பேர். இல்லாவிட்டால் அரைப்பேர்.” முழுப்பேர் என்றால் முழுநாள் சம்பளம், அரைப்பேர் என்றால் அதில் பாதி. வகுப்பில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் மட்டும், “அந்தக் கணக்கை யார் டீச்சர் போட்டது? மாத்தலாமா?” என்று கேட்டான். அன்றைக்கு மிச்சப் பாடவேளை முழுவதும் அதிலேயே போனது.

படி 5: இனித் திரை

தரம் 1, 2க்கு ஸ்கிராட்ச் ஜூனியர். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த இலவசச் செயலி. கட்டளைகளில் எழுத்தே இல்லை, படம்தான். டெப் (கைக்கணினி) ஒன்றில் இறக்கிவிட்டால் பிறகு இணையம் வேண்டாம். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்கும் பாடசாலைகளுக்கு இது பெரிய விஷயம்.

தரம் 3 முதல் ஸ்கிராட்ச். ‘பிளாக்’ எனும் கட்டளைத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி நிரல் எழுதும் மென்பொருள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் 2007இல் வெளியிட்டது, இதுவும் இலவசம். இணையம் உள்ள இடத்தில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்து கணினியில் போடலாம். திரையில் ஒரு பூனை நிற்கும். தரையில் நடந்த சதுரத்தையே பூனைக்குக் கொடுங்கள்: பச்சைக்கொடி பிளாக், அதன் கீழே 4 தடவை, அதற்குள் 100 காலடி முன்னே, 90 பாகை வலம்.

கொடியை அழுத்தினால் பூனை ஒரு துடி துடித்து நின்ற இடத்திலேயே நிற்கும். பயப்படாதீர்கள், நிரல் சரிதான். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சதுரத்தை முடித்துவிட்டு வந்து நிற்கிறது. “4 தடவை”க்குள் “1 செக்கன் பொறு” என்ற பிளாக்கைச் சேர்த்தால் நடப்பது தெரியும். நடுவில் பூனை தலைகீழாகவும் போகும். ஏன் என்று பிழை பிடிப்பவரிடம் கேளுங்கள்.

ஒரு கணினிக்கு நான்கு பேர் உட்காரலாம். மௌஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும், மாறும்போது சேமிக்கவும் வேண்டும். கோப்புக்கு வகுப்பையும் குழுவையும் பெயராகக் கொடுங்கள். இங்கே மழை இரைந்தால் கரண்ட் போகும், சேமிக்காத பூனையும் அதோடு போகும்.